அரை நிமிடக் கோடு: கையடக்க இசிஜி கருவியை வீட்டில் பயன்படுத்துவது எப்படி?

அம்மாவுக்கு மாதம் இரண்டு தடவை நெஞ்சு படபடக்கும். பெரும்பாலும் ராத்திரி ஒன்றரை, இரண்டு மணிக்கு. சில நாள் இருபது நிமிடம், சில நாள் ஒரு மணி நேரம். விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இசிஜி எடுத்தால் கோடு ஒழுங்காக இருக்கும். ஹோல்டர் எனப்படும் 24 மணி நேரப் பதிவுக் கருவியை இரண்டு முறை மாட்டிப் பார்த்தார்கள். மாட்டிய இரண்டு ராத்திரியும் அம்மா குறட்டை விட்டுத் தூங்கினார். "மெஷினைக் கண்டா அது ஒளிஞ்சுக்குதுடா" என்பார்.

கடைசியில் கார்டியாலஜிஸ்ட்தான், "சின்ன இசிஜி கருவி ஒன்று வாங்கி வீட்டில் வையுங்கள், வரும்போது எடுங்கள்" என்றார். வாங்கி ஐந்தாவது வாரம், ஒரு ராத்திரி 1:50க்கு எடுத்த அரை நிமிடக் கோட்டில் அது அகப்பட்டது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக ஏஃபிப். இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை. அங்கே தேங்கும் ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏஃபிப் உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் ஐந்து மடங்கு அதிகம். அதனால்தான் டாக்டர் அதைப் பிடிக்க அவ்வளவு மெனக்கெட்டார்.

நான் மருத்துவன் இல்லை. ஒன்றரை வருடமாக இந்தக் கருவியோடு மல்லுக்கட்டிய மகன், அவ்வளவுதான். இதில் எனக்குப் புரிந்தது ஒன்று: கருவி திரையில் காட்டும் ஒற்றைச் சொல்லைவிட, அந்தக் கோடும் அதை எடுத்த நேரமும்தான் பெரிது. சொல்லைப் பார்த்துப் பயப்படவும் கூடாது, நிம்மதியடையவும் கூடாது. சுத்தமான கோட்டைச் சரியான நேரத்தில் எடுத்து, சரியான ஆளிடம் சேர்ப்பதுதான் வீட்டில் இருப்பவர் வேலை. கீழே இருப்பதெல்லாம் அதற்கான வழிதான்.

கருவியைத் தொடக்கூடாத நேரம்

வாங்குவது, எடுப்பது எல்லாம் அப்புறம். முதலில் இது.

நெஞ்சில் வலி, பாரம், அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை, மூச்சுத் திணறல், மயங்கி விழுதல், வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல். இவற்றில் எது வந்தாலும் கருவியைத் தேடாதீர்கள். இந்தியாவில் 108, இலங்கையில் 1990. ஆம்புலன்ஸ் வரட்டும்.

காரணம் எளிது. இந்தக் கருவிகள் மாரடைப்பைக் கண்டுபிடிப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆஸ்பத்திரி இசிஜி இதயத்தைப் பன்னிரண்டு கோணங்களிலிருந்து பார்க்கிறது. வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் பார்ப்பது ஒரு கோணம், அல்லது ஆறு. வீட்டின் ஒரு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளே தீப்பிடிக்கவில்லை" என்று சொல்ல முடியுமா? கொல்லைப்புறம் எரிந்துகொண்டிருக்கலாம். நெஞ்சுவலியோடு கோடு எடுத்து, 'நார்மல்' என்று வந்ததைப் பார்த்து, "வாயுதான்" என்று சோடா குடித்துவிட்டுப் படுப்பதுதான் இந்தக் கருவியால் வரக்கூடிய மிகப் பெரிய கேடு. அந்தப் பன்னிரண்டு லீட் (ஒரு லீட் என்றால் ஒரு கோணம்) இசிஜியே மாரடைப்பின் தொடக்கத்தில் சில சமயம் கோளாறே இல்லாததுபோல் தெரியும் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

விரல் வழியாக இதயம் எப்படித் தெரிகிறது?

அம்மா கேட்ட முதல் கேள்வி இது: "ரெண்டு வெரலை வெச்சா நெஞ்சுக்குள்ள நடக்கறது தெரிஞ்சிருமா?"

தெரியும். ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் இதயத்துக்குள் ஒரு மின் அலை ஓடுகிறது. அது உடம்பெங்கும் பரவி விரல் நுனி வரை வருகிறது. ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அவ்வளவு சின்னது. இரண்டு கைகளுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைத் தொடர்ந்து வரைந்தால் அதுதான் இசிஜி. நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐன்தோவன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை வரைந்தபோது, அவருடைய கருவி சுமார் 270 கிலோ. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி இரண்டு கையையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர் வாளிகளில் விட்டபடி உட்கார்ந்திருப்பார். கோட்டின் மேடு பள்ளங்களுக்கு பி, க்யூ, ஆர், எஸ், டி என்று பெயர் வைத்ததும் அவர்தான். 1924இல் நோபல் பரிசு கிடைத்தது. வலது கைக்கும் இடது கைக்கும் இடையே எடுப்பதை 'முதல் லீட்' என்றார். இன்று ஒரு பபிள்கம் பாக்கெட் அளவுக் கருவியில் நாம் எடுப்பது அதே முதல் லீட்தான். அந்த உப்புத் தண்ணீர் வாளியை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் உதவும்.

கைக்கடிகாரத்தின் அடியில் பச்சை விளக்கு மின்னுகிறதே, அது வேறு. அது தோலுக்கடியில் ரத்தம் வந்து போவதை வெளிச்சத்தால் எண்ணுகிறது. நாடி பிடித்துப் பார்ப்பது மாதிரி. ஒழுங்கு தப்புகிறது என்று சந்தேகம் கிளப்பும், ஏன் தப்புகிறது என்று சொல்லாது. பிபி மெஷினில் வரும் சின்ன இதயக் குறியும் அப்படித்தான். சந்தேகத்தைத் தீர்க்க மின் கோடு வேண்டும்.

எதை வாங்குவது?

எங்கள் அக்கா வீட்டில் இருப்பது அலைவ்கோர் நிறுவனத்தின் கார்டியாமொபைல், ஒற்றை லீட். எங்கள் வீட்டில் இருப்பது அதன் ஆறு லீட் வகை. அந்த நிறுவனத்தின் முதல் கருவிக்கு அமெரிக்க அரசின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2012 கடைசியில் அனுமதி தந்தது, ஆறு லீட் வகை 2019இல் வந்தது. 2018இல் வந்த ஆப்பிள் வாட்ச் சீரீஸ் 4 முதல் சில கடிகாரங்களிலும் இசிஜி உண்டு. ஒரு மணிக்கட்டில் கட்டி, மறு கையின் விரலைக் குமிழில் வைக்க வேண்டும். சங்கேத்லைஃப், ஸ்பந்தன் என்று இந்தியக் கருவிகளும் கிடைக்கின்றன. நான் கையாண்டது முதலில் சொன்ன இரண்டைத்தான் என்பதால் விவரங்களை அவற்றை வைத்தே சொல்கிறேன். மற்றவற்றுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

வாங்குமுன் மூன்றே விஷயம். ஒன்று, வீட்டில் இருக்கும் ஃபோனில் அதன் ஆப் ஓடுமா என்று முன்கூட்டியே போட்டுப் பார்ப்பது. இரண்டு, இந்தியாவில் விற்பதானால் 2017 மருத்துவக் கருவி விதிகளின்படி பெற்ற உரிம எண் பெட்டியில் இருக்கிறதா என்று பார்ப்பது. மூன்று, கோட்டை பிடிஎஃப் ஆக வெளியே எடுக்க முடியுமா என்று கேட்பது. மூன்றாவது இல்லாத கருவியை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். 'ஓகே' என்று பச்சை விளக்கு மட்டும் காட்டும் சாமான் டாக்டருக்கு உதவாது.

பேஸ்மேக்கரோ, நெஞ்சுக்குள் வைத்த ஷாக் கருவியோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. அந்தக் கோட்டை ஆப் சரியாகப் படிக்காது. தயாரிப்பாளர்களே பொதுவாக வேண்டாம் என்கிறார்கள்.

ஆப்பைத் தயார் செய்வது

கணக்கை நோயாளியின் பெயரிலேயே தொடங்குங்கள். நான் அவசரத்தில் என் பெயரில், என் வயதைப் போட்டுத் தொடங்கிவிட்டு, அப்புறம் அம்மாவின் நாற்பது கோடுகளும் ஒரு ஆண்பிள்ளையின் இதயமாகப் பதிவாகியிருந்ததைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டேன்.

அமைப்புகளில் மின்சார அலைவெண் என்று ஒன்று இருக்கும். 50, 60 இரண்டில் 50 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இதை மாற்றாமல் விட்டால் சுவரில் ஓடும் மின்சாரம் கோட்டில் மெல்லிய ரம்பப் பல்லாக வந்து உட்காரும்.

ஒற்றை லீட் கார்டியாமொபைல் ஃபோனுடன் பேசுவது புளூடூத்தில் இல்லை, மனிதக் காதுக்கு எட்டாத ஒலியில். ஆகவே மைக் அனுமதி கொடுக்க வேண்டும், கருவி ஃபோனிலிருந்து ஒரு அடிக்குள் இருக்க வேண்டும், பக்கத்தில் டிவி அலறக் கூடாது. ஆறு லீட் வகைக்கு புளூடூத்.

இன்னொன்று. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் "எனக்கும் பாரேன்" என்பார்கள். பால்காரர் உட்பட. அவர்கள் கோட்டை அம்மாவின் கணக்கில் கலக்காதீர்கள்.

கோடு எடுப்பது

1. ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதங்கள் தரையில். படபடப்பு வந்த நேரமானால் காத்திருக்க வேண்டாம், உடனே எடுங்கள்.

2. விரல்களை ஈரத்துணியால் துடையுங்கள். உப்புத் தண்ணீர் வாளியின் ரகசியம் இதுதான். உலர்ந்த தோல் மின்சாரத்தை விடாது. முதல் பத்து நாள் எங்களுக்கு 'படிக்க முடியவில்லை' என்றே வந்துகொண்டிருந்தது. கருவி ஓட்டை என்று திருப்பி அனுப்பப் பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது. கடைசியில் பார்த்தால் அம்மாவின் விரல், பாத்திர சோப்பில் காய்ந்து சொரசொரவென்று கிடந்தது. ஒரு சொட்டுத் தண்ணீரில் சரியாகிவிட்டது. சொட்டச் சொட்ட நனைக்க வேண்டாம், ஈரம் போதும். தேங்காய் எண்ணெய், க்ரீம் இருந்தால் முதலில் துடைத்துவிடுங்கள்.

3. முழங்கை முதல் மணிக்கட்டு வரை மேசைமேல் படிந்திருக்க வேண்டும். மேசை இல்லாவிட்டால் மடியில் தலையணை. கையை அந்தரத்தில் பிடித்தால் தசை வேலை செய்யும். தசையின் மின்சாரமும் கோட்டில் ஏறும். இந்த ஒரு படியை ஒழுங்காகச் செய்தாலே பாதிக் கோளாறு போய்விடும்.

4. ஒற்றை லீட் கருவியானால் மேசைமேல் வைத்து, எழுத்து நேராகத் தெரியும்படி திருப்பி, இடது தகட்டில் இடது கையின் இரண்டு விரல்கள், வலது தகட்டில் வலது கையின் இரண்டு விரல்கள். மாற்றி வைத்தால் கோடு தலைகீழாக வரும்.

ஆறு லீட்டானால் இரண்டு கட்டைவிரலும் மேல் தகடுகளில், அடித்தகடு இடது முழங்காலில் அல்லது இடது கணுக்காலின் உட்புறத்தில். வெறும் தோலில் பட வேண்டும். புடவை, வேட்டி, பேன்ட் எதுவும் நடுவில் வரக் கூடாது. அம்மாவுக்குக் கணுக்கால்தான் வசதி. கட்டிலில் உட்கார்ந்து இடது காலை வலது தொடைமேல் போட்டுக்கொள்வார்.

5. ஒரு கை இன்னொரு கையைத் தொடக் கூடாது. தொட்டால் அளக்க வேண்டிய வித்தியாசமே இல்லாமல் போய்விடும்.

6. மெதுவாக வையுங்கள், அழுத்தாதீர்கள். முப்பது நொடி. பேச்சு, இருமல், "வந்துருச்சா?" என்று எட்டிப் பார்ப்பது எதுவும் வேண்டாம். மூச்சை அடக்கவும் வேண்டாம், இயல்பாக விடுங்கள்.

7. முடிந்தவுடன், அங்கேயே, குறிப்பு எழுதுங்கள். இதைப் பற்றிக் கீழே.

கோளாறில்லாத நேரத்தில் முதல் வாரம் ஐந்தாறு கோடு எடுத்து வையுங்கள். படபடப்பு வரும்போது எடுப்பதை எதோடு ஒப்பிடுவது? டாக்டருக்கு இவருடைய வழக்கமான கோடு எப்படியிருக்கும் என்று தெரிய வேண்டும். அதோடு ராத்திரி இரண்டு மணிக்கு, பயத்தில், கண்ணாடி இல்லாமல் முதன்முதலாகக் கற்றுக்கொள்ள முடியாது. அம்மாவை விளக்கைப் போடாமல், ஃபோன் வெளிச்சத்திலேயே இரண்டு முறை எடுக்கவைத்துப் பழக்கினேன்.

கோடு கலங்கி வந்தால்

கோடு தடித்து, ஒரே சீராக நுணுக்கிய பல்லோடு வந்தால் அது மின்சாரம். ஃபோன் சார்ஜரில் இருந்தால் கழற்றுங்கள். மிக்ஸி, மோட்டார், இன்வெர்ட்டர் பக்கத்திலிருந்து தள்ளி உட்காருங்கள். பல் ஒழுங்கில்லாமல் கசமுசாவென்று இருந்தால் அது தசை: கை தாங்கல் இல்லை, அல்லது குளிர், அல்லது நடுக்கம். கோடு முழுவதும் அலைபோல் ஏறி இறங்கினால் மூச்சு, அல்லது விரல் நழுவுகிறது.

பார்க்கின்சன் போன்ற நடுக்கம் உள்ளவர்களுக்குக் கைக் கோடு பல நேரம் சரிவராது. ஒற்றை லீட் கருவியிலேயே ஒரு தந்திரம் உண்டு. கருவியை எடுத்து, ஒரு தகட்டை இடது முழங்காலின் தோலில் வைத்து, மறு தகட்டை வலது கை விரல்களால் தொடுங்கள். கிடைப்பது ஐன்தோவனின் இரண்டாம் லீட். நடுக்கம் குறைவது மட்டுமல்ல, பி என்ற சின்ன மேடு இதில் பெரும்பாலும் தெளிவாகத் தெரியும். ஆனால் குறிப்பில் 'வலது கை, இடது முழங்கால்' என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் டாக்டர் அதை முதல் லீட் என்று நினைத்துப் படிப்பார்.

திரையில் வரும் சொற்கள்

'நார்மல்': துடிப்பு 50க்கும் 100க்கும் நடுவில், தாளம் ஒழுங்கு. இந்த அரை நிமிடத்துக்கு மட்டும். நேற்றைக்கும் இல்லை, நாளைக்கும் இல்லை.

'ஏஃபிப் இருக்கலாம்': இந்த 'இருக்கலாம்' முக்கியம். தாளம் கலைந்தால் ஆப்புக்குச் சந்தேகம் வரும். நடுநடுவே முந்திக்கொண்டு வரும் தனித் துடிப்புகளை ஏஃபிப் என்று எடுத்துக்கொள்வதும் நடக்கிறது, கை நடுக்கத்தை அப்படி எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. ஐந்து நிமிடம் விட்டு இன்னொன்று எடுங்கள். இரண்டையும் டாக்டருக்கு அனுப்புங்கள். ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2020 வழிகாட்டியின்படி, ஒற்றை லீட் கோடாக இருந்தாலும் 30 நொடிக்குக் குறையாமல் ஏஃபிப் இருந்து, அதை ஒரு மருத்துவர் பார்த்து உறுதி செய்தால் நோய் உறுதியாகிறது. 'மருத்துவர் பார்த்து' என்ற இரண்டு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

'மெதுவான துடிப்பு', 'வேகமான துடிப்பு': 50க்குக் கீழே, 100க்கு மேலே. மாடிப்படி ஏறிவந்து எடுத்தால் வேகம்தான் வரும். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், தினமும் ஓடுகிறவர்களுக்கும் மெதுவாக வருவது சகஜம்.

'வகைப்படுத்த முடியவில்லை': எல்லோரையும் அதிகம் மிரட்டுவது இதுதான். உண்மையில் கருவி கையை விரித்துவிட்டது என்று மட்டுமே பொருள். ஆபத்து என்று பொருளில்லை. ஆபத்தில்லை என்றும் பொருளில்லை. கோடு சுத்தமாக இருந்தால் டாக்டர் படித்துவிடுவார்.

கோட்டை நாமே பார்ப்பது

நோயைக் கண்டுபிடிக்க இல்லை. அனுப்பத் தகுந்த கோடா என்று பார்க்கவும், பயம் தெளியவும்.

இசிஜி கட்டங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. கோடு நொடிக்கு 25 மி.மீ. நகர்கிறது. ஒரு சின்னக் கட்டம் 0.04 நொடி, ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 நொடி. அடுத்தடுத்த இரண்டு உயரமான முனைகளுக்கு நடுவே எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி, 300ஐ அதனால் வகுத்தால் நிமிடத் துடிப்பு. நான்கு கட்டமானால் 75. தாளம் கலைந்த கோட்டில் இது ஏமாற்றும். அப்போது முப்பது நொடியில் உள்ள முனைகளை எல்லாம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள்.

தாளத்தைப் பார்க்க ஒரு துண்டுக் காகிதம் போதும். அச்செடுத்த கோட்டின் மேல் காகித ஓரத்தை வைத்து, பக்கத்துப் பக்கத்து இரண்டு முனைகளுக்கு நேராகப் பேனாவால் புள்ளி வையுங்கள். காகிதத்தை நகர்த்தி நகர்த்தி அடுத்த ஜோடிகளோடு பொருத்துங்கள். எல்லா ஜோடியும் பொருந்தினால் தாளம் ஒழுங்கு. ஒன்று மட்டும் சீக்கிரம் வந்து, பின்னால் நீண்ட இடைவெளி விட்டு, மறுபடி பொருந்தினால் அது முந்திவந்த தனித் துடிப்பு. "ஒரு துடிப்பு விட்டுப்போச்சு", "நெஞ்சு திக்குன்னு நின்னு அடிச்சுது" என்று பலர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். விட்டுப்போகவில்லை, ஒன்று அவசரப்பட்டு வந்துவிட்டது, அதற்கடுத்தது நேரம் எடுத்துப் பலமாக அடிக்கிறது. ஆரோக்கியமான இதயத்திலும் இது வரும். எந்த ஜோடியும் எதோடும் பொருந்தாமல், மழைத் துளி தகரத்தில் விழுவதுபோல் ஏறுமாறாக இருந்து, ஒவ்வொரு முனைக்கும் முன்னால் இருக்க வேண்டிய பி மேடும் காணோம் என்றால் ஏஃபிப் சந்தேகம் வலுக்கிறது.

இளைஞர்களுக்கு மூச்சு இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகி, விடும்போது மெதுவாகும். இடைவெளி மெல்ல மெல்லச் சுருங்கி விரிந்தால் அது மூச்சின் தாளம், கவலை வேண்டாம்.

இன்னொரு வகைப் படபடப்பும் உண்டு. சுவிட்ச் போட்டதுபோல் சட்டென்று தொடங்கி, 150, 200 என்று ஒரே சீராக ஓடி, சட்டென்று நின்றுவிடும். எஸ்விடி என்பார்கள். ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்குள் நின்றுவிடுவதால் "மனக் கவலை" என்று முத்திரை குத்தப்பட்டு வருடக்கணக்கில் அலைந்த இளம்பெண்கள் நிறையப் பேர். அவர்களுக்கு இந்தக் கருவி பொன். ஒரே ஒரு கோடு மாட்டினால் போதும், வாதம் முடிந்தது.

எத்தனை முறை எடுப்பது?

இரண்டே சந்தர்ப்பம்: ஏதாவது தோன்றும்போது, அப்புறம் டாக்டர் சொன்ன முறைப்படி. வேல்ஸில் நடந்த ரிஹர்ஸ்-ஏஎஃப் ஆய்வில் 65 வயதைத் தாண்டிய 1001 பேரில் பாதிப் பேர் வாரம் இருமுறை இப்படி ஒற்றை லீட் கோடு எடுத்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களில் 19 பேருக்கு ஏஃபிப் தெரியவந்தது. வழக்கமான கவனிப்பில் இருந்த மறுபாதியில் 5 பேருக்குத்தான். வாரம் இரண்டு தடவைக்கே அவ்வளவு பலன்.

தினம் இருபது தடவை எடுப்பவர்களை எனக்குத் தெரியும். என் மாமா ஒருவர். கோடு எடுக்கிறார், சொல்லைப் பார்க்கிறார், பயப்படுகிறார், பயத்தில் துடிப்பு ஏறுகிறது, மறுபடி எடுக்கிறார். இப்படிப்பட்டவர்கள் வீட்டில் கருவியை வேறொருவர் வைத்துக்கொள்வது நல்லது.

படபடப்பு வந்துவிட்டால் முதல் நிமிடத்தில் ஒன்று, ஐந்து நிமிடம் கழித்து ஒன்று, நின்றதாகத் தோன்றியவுடன் ஒன்று. தொடங்கிய நேரமும் நின்ற நேரமும் தெரிய வேண்டும். ஏஃபிப் நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் அங்கே முதலில் கேட்பதே "எப்போது ஆரம்பித்தது?" என்றுதான். மின் அதிர்ச்சி கொடுத்துத் தாளத்தை உடனே மீட்கலாமா, அதற்கு முன் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா என்பது அந்த நேரத்தைப் பொறுத்தது.

எந்த எண்ணுக்கு மேல் போனால், எவ்வளவு நேரம் நீடித்தால் அன்றே வரவேண்டும் என்று உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஆள் இது மாறும். எங்கள் வீட்டில் அந்தத் துண்டுச் சீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

குறிப்பும் டாக்டரும்

தேதி, நேரம் கருவியே போட்டுவிடும். நீங்கள் எழுத வேண்டியது: என்ன செய்துகொண்டிருந்தார், என்ன உணர்ந்தார், எவ்வளவு நேரம், பிபி எவ்வளவு, அன்றைய மாத்திரை விட்டுப்போனதா, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை, கூடுதல் காபி, மது. அம்மா தமிழிலேயே எழுதுவார்: "தூக்கத்தில் முழிப்பு. நெஞ்சில் மீன் துள்ளுது. வேர்க்கவில்லை." இதைவிடத் தெளிவாக எந்த நோயாளி சொல்லிவிடுவார் என்று டாக்டரே ஒருமுறை சிரித்தார்.

வாட்ஸ்ஆப்பில் அனுப்பும்போது ஸ்கிரீன்ஷாட்டாகவோ, ஃபோனை ஃபோனால் படம் பிடித்தோ அனுப்பாதீர்கள். படம் சுருங்கிக் கட்டங்கள் அழிந்துவிடும். பிடிஎஃப்பை டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். மாதத்தில் முப்பது கோடு இருந்தால் படபடப்பின்போது எடுத்தவை எல்லாம், சாதாரண நாளில் எடுத்தது ஒன்று, அவ்வளவுதான். நேரில் போகும்போது அச்செடுத்துக்கொண்டு போனால் டாக்டர் அதன்மேலேயே பேனாவால் குறித்துக் காட்டுவார்.

மாத்திரை விஷயத்தில் ஒரு சம்பவம். மூன்று வாரம் தொடர்ந்து 'நார்மல்' வந்ததும், "அதான் சரியாயிடுச்சே, ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை எதுக்கு?" என்று அம்மா நான்கு நாள் நிறுத்திவிட்டார். எனக்குத் தெரிந்தபோது கை கால் நடுங்கியது. வந்து வந்து போகும் ஏஃபிப்பில் பக்கவாத ஆபத்து இன்றைய கோட்டில் இல்லை. வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் பலவீனமா, முன்பு பக்கவாதம் வந்ததா என்பவற்றைக் கூட்டித்தான் அந்த மாத்திரை வேண்டுமா என்று முடிவெடுக்கிறார்கள். கோடு நன்றாக இருக்கிறது என்று நிறுத்துவதும், கெட்டிருக்கிறது என்று இன்னொன்று கூடப் போட்டுக்கொள்வதும் ஒரே தவறின் இரண்டு முகம்.

கருவியைப் பேணுவது

தகடுகளைச் சானிடைசர் தொட்ட மென்துணியால் வாரம் ஒருமுறை துடைத்தால் போதும். தண்ணீரில் முக்க வேண்டாம். ஒற்றை லீட் வகையில் உள்ளது சிஆர்2016 நாணய பேட்டரி. மாதக்கணக்கில் வரும், ஆனால் சொல்லிக்கொள்ளாமல் போகும்; ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள். அதை, பழையதையும் சேர்த்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். ஒரு நொடியும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம்.

கருவிக்கு ஒரு நிலையான இடம் வேண்டும். நான் வாங்கித் தந்த ஜிப் பையில் அம்மா அதை ஒரு நாள்கூட வைக்கவில்லை. அப்பாவின் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில், தலைமாட்டில், தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் இருக்கிறது. கூட்டுக்குள்ளேயே ஈரத்துணி ஒன்றும் மடித்து வைத்திருக்கிறார்.